5,000 ரூபாய் கேஷ்பேக்கை நம்பி லேப்டாப் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். நாங்கள் திருப்பூரில் இருக்கிறோம். மகள் கோவையில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் பி.காம் சி.ஏ. முதலாண்டு சேர்ந்திருக்கிறாள், விடுதியில் தங்கிப் படிக்கிறாள். லேப்டாப் வேண்டும் என்கிறாள். இங்கே ஒரு பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடையில் எம்ஆர்பி 74,990 ரூபாய் போட்ட லேப்டாப்பை 58,990-க்குத் தருகிறார்கள். குறிப்பிட்ட ஒரு வங்கியின் கிரெடிட் கார்டில் 9 மாத ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ போட்டால், தயாரிப்பு நிறுவனமே 5,000 ரூபாய் கேஷ்பேக் தருமாம். ஆக 53,990தான் என்கிறார்கள். அந்தக் கார்டு என் கணவரிடம் இருக்கிறது, லிமிட் ஒரு லட்சம். இன்னொரு சிறிய கடையில் அதே லேப்டாப்பை உடனே பணம் கட்டினால் 55,490-க்குத் தருவதாகச் சொல்கிறார்கள், கேஷ்பேக் கிடையாது. சீட்டு எடுத்த பணம் 60,000 கையில் இருக்கிறது. கணவர் பனியன் துணிக்கு பிரிண்டிங் ஜாப் ஒர்க் செய்கிறார். ஜிஎஸ்டி பதிவு உண்டு. “அந்த நம்பரில் பில் போட்டால் 18 சதவீதம் திரும்ப எடுக்கலாம்” என்று பெரிய கடையில் சொன்னார்கள். எதை எடுப்பது?

பதில்: முதலில் அந்த 74,990-ஐ மறந்துவிடுங்கள். எம்ஆர்பி என்பது அதற்கு மேல் விற்கக் கூடாது என்ற வரம்பு, அவ்வளவுதான். லேப்டாப்பை அந்த விலைக்கு வாங்குகிறவர் அநேகமாக யாரும் இல்லை. எனவே 16,000 தள்ளுபடி என்ற பேச்சை ஒதுக்கிவிடலாம். இன்றைக்கு 55,490 கட்டிக் கணக்கை முடிப்பதா, அல்லது 58,990-க்குக் கடன் வாங்கிவிட்டு 5,000 எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பதா? உங்கள் முன் இருக்கும் கேள்வி இதுதான். போஸ்டரில் பெரிதாகப் போட்டிருக்கும் 53,990-ஐ நீங்கள் எந்த நாளிலும் யாருக்கும் கொடுக்கப் போவதில்லை.

இருந்தாலும் போஸ்டரை அப்படியே நம்பிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 55,490-க்கும் 53,990-க்கும் வித்தியாசம் 1,500 ரூபாய். இதில் என்னென்ன கழியும்?

‘நோ காஸ்ட்’ என்ற பெயரில்தான் விஷயமே இருக்கிறது. பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று கிடையாது, கார்டு தவணைகளில் வட்டி வேறு கட்டணத்தின் பெயரில் ஒளிந்திருக்கிறது என்று 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. இப்போது நடைமுறை வேறு மாதிரி. வங்கி வழக்கம்போல வட்டி போடுகிறது. அந்த வட்டிக்குச் சமமான தொகையைத் தயாரிப்பாளரோ கடையோ விலையில் முன்கூட்டியே குறைத்துவிடுகிறார்கள். வட்டி ஆண்டுக்கு 16 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 58,990-இல் சுமார் 3,750 ரூபாயைக் கழித்து, 55,240-க்குத்தான் கடன் பதிவாகும். அதற்கு 9 மாதத்தில் வங்கி போடும் வட்டி 3,750. இரண்டும் சேர்ந்தால் பழையபடி 58,990, மாதம் 6,554 ரூபாய்.

அந்த 55,240-ஐக் கவனித்தீர்களா? சிறிய கடைக்காரர் சொல்லும் 55,490-க்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள். இந்தப் பொருளின் நிஜமான ரொக்க விலை அந்த இடத்தில்தான் நிற்கிறது. பெரிய கடையும் வங்கிக்கு அதைத்தான் காட்டுகிறது, உங்களிடம் மட்டும் 58,990 என்கிறது.

சரி, வட்டியை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அந்த வட்டியின் மேல் வரும் 18 சதவீத ஜிஎஸ்டியை யாரும் ஏற்பதில்லை, அது உங்கள் தலையில்தான். 3,750-க்கு 675 ரூபாய். பிராசஸிங் கட்டணம் பல வங்கிகளில் 199 ரூபாய், அதற்கும் ஜிஎஸ்டி சேர்த்தால் 235. மொத்தம் 910. தவணைச் சீட்டில் இவை தனித்தனி வரிகளாகச் சின்ன எழுத்தில் வருவதால் பெரும்பாலோர் கண்ணில் படுவதில்லை.

தவணைக்குச் சாதகமான ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். உங்கள் 60,000 சேமிப்புக் கணக்கிலேயே இருந்து, மாதாமாதம் அதிலிருந்து தவணை போனால், 2.5 சதவீத வட்டியில் 9 மாதத்துக்கு ஏறக்குறைய 600 ரூபாய் கிடைக்கும். அந்தப் பணத்தை வேறு எதற்கும் தொடாமல் இருந்தால்! ஒரு கல்யாணச் செலவோ மருத்துவச் செலவோ வந்தால் சீட்டுப் பணம் எப்படிக் கரையும் என்பது உங்களுக்கே தெரியும். போகட்டும், தொடவில்லை என்றே வைத்துக்கொள்வோம். 1,500-இல் 910 போய், 600 கூடி, கேஷ்பேக் தாமதத்துக்குச் சில்லறை கழித்தால், பெரிய கடையில் உங்கள் நிகர லாபம் சுமார் 1,150 ரூபாய்.

இந்த 1,150 கிடைக்க வேண்டுமென்றால் 5,000 ரூபாய் உங்கள் கைக்கு வந்தே தீர வேண்டும். வராவிட்டால் சிறிய கடையில் வாங்கியிருப்பதைவிட 3,850 ரூபாய் நஷ்டம். இப்படி வாங்குகிற நான்கு பேரில் ஒருவருக்குக் கேஷ்பேக் வராமல் போனாலே, சராசரியில் மொத்த லாபமும் காலி.

அப்படி வராமல் போகுமா என்று கேட்பீர்கள். ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை, பெரிய நிறுவனங்கள் விதிப்படி நடந்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்த ‘விதிப்படி’யில்தான் சிக்கல். இந்த வகைச் சலுகைகளில் பெரும்பாலும், கார்டை மெஷினில் தேய்க்கும்போதே ‘பிராண்டு இஎம்ஐ’ என்று தேர்ந்தெடுத்து, லேப்டாப்பின் சீரியல் எண்ணையும் மெஷினில் ஏற்ற வேண்டும். பைன் லேப்ஸ் போன்ற மெஷின்களில் இதற்கென்றே தனி வழி உண்டு. கூட்ட நேரத்தில் விற்பனையாளர் சாதாரண விற்பனையாகத் தேய்த்துவிட்டு, “வீட்டுக்குப் போய் வங்கி ஆப்பில் இஎம்ஐயாக மாற்றிக்கோங்க” என்று சொன்னால் முடிந்தது கதை. தவணை ஓடும், கேஷ்பேக் வராது, வட்டித் தள்ளுபடியும் சேர்ந்து போகும். சில சலுகைகளில் மெஷின் போதாது, தயாரிப்பாளரின் தளத்தில் குறிப்பிட்ட நாட்களுக்குள் பில்லையும் சீரியல் எண்ணையும் பதிவேற்ற வேண்டும். ஒரு கார்டுக்கு ஒரு முறைதான் என்ற கட்டுப்பாடும் இருக்கலாம். உங்கள் கணவர் அதே கார்டில் அண்மையில் ஏதாவது சலுகை எடுத்திருக்கிறாரா என்று பாருங்கள்.

பணம் வர 90 முதல் 120 நாள் வரை ஆகும் என்று நிபந்தனையில் எழுதியிருப்பார்கள். அதற்குள் உங்களுக்கு இது மறந்தே போயிருக்கும். மெஷினிலிருந்து வரும் ஸ்லிப்பின் எழுத்தும் மங்கிப்போயிருக்கும். நிறுவனம் விலையில் 5,000 குறைத்தால் வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் குறைக்க வேண்டும். கேஷ்பேக் என்றால் எல்லாப் படிகளையும் சரியாகத் தாண்டியவருக்கு மட்டும் கொடுத்தால் போதும்.

இன்னும் இரண்டு. கேஷ்பேக் பெரும்பாலும் கார்டு கணக்கில்தான் வரவாகும், வங்கிக் கணக்குக்கு வராது. வரவு வந்துவிட்டதே என்று அந்த மாதத் தவணையைக் கட்டாமல் விட்டால் தாமதக் கட்டணம் விழும், அந்த ஒரு அடியிலேயே லாபத்தில் பாதி போய்விடும். அப்புறம், ஒரு லட்சம் லிமிட்டில் பாதிக்கு மேல் இந்த ஒரு பொருளுக்கே அடைபட்டிருக்கும். தொழிலுக்கு மை, கெமிக்கல் வாங்க அந்தக் கார்டைத்தான் உங்கள் கணவர் நம்பியிருக்கிறார் என்றால் இது சின்ன விஷயமில்லை.

ஜிஎஸ்டி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் தொகை அதில்தான் பெரியது. 58,990-க்குள் இருக்கும் வரி 8,998 ரூபாய், கேஷ்பேக்கைவிட அதிகம். கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. தொழிலுக்காக வாங்கி, தொழிலில் பயன்படுத்தினால் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம், அதாவது தொழிலில் அரசுக்குக் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம், வரி போக மீதி விலைக்கு வருமான வரியில் ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானமும் காட்டலாம். ஆனால் இந்த லேப்டாப் கோவையில் உங்கள் மகளின் விடுதி அறையில் இருக்கப் போகிறது. சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கிய பொருளுக்கு உள்ளீட்டு வரி எடுக்கக் கூடாது என்று சிஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு தெளிவாகவே சொல்கிறது. பின்னால் தணிக்கையில் பிடித்தால் வரியோடு வட்டியும் அபராதமும் கட்ட வேண்டும். உங்கள் கணவர் காம்போசிஷன் திட்டத்தில் (விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் திட்டம்) இருந்தால் தொழிலுக்கே வாங்கினாலும் எடுக்க முடியாது. ‘யார் பார்க்கப் போகிறார்கள்’ என்று விற்பனையாளர் சொல்லலாம், நோட்டீஸ் வந்தால் பதில் எழுத அவர் வர மாட்டார்.

மகள் அரசுக் கல்லூரியில் படித்திருந்தால், 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்தார்களே, அதை முதலில் விசாரிக்கச் சொல்லியிருப்பேன். சுயநிதிக் கல்லூரி என்பதால் அதை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம். விலை இன்னும் இறங்கட்டும் என்று காத்திருப்பதும் இப்போதைக்குச் சரியாக வராது. 2025 இறுதியிலிருந்து மெமரி சிப் விலை ஏறிவிட்டது, லேப்டாப் விலையிலும் அது தெரிகிறது.

ஆகவே என் யோசனை: சிறிய கடையில் 55,490-க்கு வாங்குங்கள். 1,150 ரூபாய்க்காக 9 மாதக் கடனையும் 4 மாதக் காத்திருப்பையும் சுமப்பது, கையில் முழுப் பணத்தையும் வைத்திருக்கிற உங்களுக்குத் தேவையில்லாத வேலை. கையில் பணமே இல்லை, தவணைதான் வழி என்று எழுதியிருந்தால் பதில் மாறியிருக்கும். அப்போது பெரிய கடையின் சலுகை நல்ல சலுகைதான்.

அதற்கு முன் பெரிய கடைக்கு ஒரு முறை போய், “எனக்கு இஎம்ஐயும் வேண்டாம், கேஷ்பேக்கும் வேண்டாம், இன்றே யுபிஐயில் கட்டுகிறேன், என்ன விலை?” என்று மேனேஜரிடமே கேளுங்கள். கேஷ்பேக் கம்பெனி கொடுப்பது, எங்கள் கையில் இல்லை என்பார். அது உண்மையும்கூட. ஆனால் அவருடைய சொந்த லாபத்தில் குறைக்க இடமிருக்கும், மாதக் கடைசியில் விற்பனை இலக்கு பாக்கியிருந்தால் இன்னும் இருக்கும். 55,000-க்கு இறங்கினால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். விலையை 57,490 ஆக்கி, அதன் மேல் கேஷ்பேக்கும் உண்டு என்றால், லாபம் 2,650 பக்கம் போகிறது. அப்போது தவணையை எடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பிராண்டு இஎம்ஐயாகத் தேய்க்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பார்த்து, கேஷ்பேக் தொகை அச்சான ஸ்லிப்பை அங்கேயே போட்டோ எடுத்துவிடுங்கள், 120-ஆவது நாளைப் போனில் நினைவூட்டலாகப் போட்டு வையுங்கள். வராவிட்டால் தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் கிடையாது. விலை குறைத்த சந்தோஷத்தில் இருக்கும்போது நீட்டிக்கப்பட்ட வாரன்டியை நீட்டுவார்கள். விடுதிப் பிள்ளைக்கு ஏதாவது எடுத்தே ஆக வேண்டுமென்றால், கீழே விழுந்தாலும் தண்ணீர் கொட்டினாலும் ஈடு தரும் தயாரிப்பாளரின் பாதுகாப்புத் திட்டத்தை மட்டும் பாருங்கள்.

சிறிய கடையில் கேட்க வேண்டியவையும் உண்டு. 55,490 என்பது ஜிஎஸ்டி பில்லோடு சேர்த்தா? பில் இல்லாமல் என்றால் அந்த விலையை மறந்துவிடுங்கள், அதோடு ஒப்பிட்டுப் போட்ட இந்தக் கணக்கும் செல்லாது. ‘அதே லேப்டாப்’ என்று அவர் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே பெயரில் 8 ஜிபி ரேமும் 16 ஜிபி ரேமும் வரும், திரையின் தரம் மாறும், ஆபீஸ் மென்பொருள் ஒன்றில் வாழ்நாள் உரிமமாகவும் இன்னொன்றில் ஓராண்டுச் சந்தாவாகவும் இருக்கும். இரண்டு கடைகளிலும் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைக் கடைசி எழுத்து வரை போட்டோ எடுத்து ஒத்துப்பாருங்கள். பெட்டியைப் பிரித்ததும் சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு வாரன்டி தேதியைப் பாருங்கள். பழைய சரக்காக இருந்தால், கம்பெனியிலிருந்து டீலருக்குப் போன நாளிலிருந்தே வாரன்டி ஓட ஆரம்பித்திருக்கும். பில்லைப் பதிவேற்றி, வாங்கிய தேதியிலிருந்து கணக்கிடச் சொன்னால் திருத்திக் கொடுப்பார்கள். அந்த வேலையை முதல் வாரத்திலேயே மகளிடம் ஒப்படைத்துவிடுங்கள்.