குவாரி குத்தகை முடிந்துவிட்டது. குழி யாருடைய பொறுப்பு?

கேள்வி: சிவகங்கை மாவட்டத்தில் எனக்கு ஒன்றரை ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. ஒட்டியிருக்கும் பங்காளி நிலத்தில் இரண்டு ஆண்டுகள் கிராவல் எடுத்தார்கள். மாசி மாதம் வண்டிகள் நின்றுவிட்டன. முப்பது அடிக்கு மேல் ஆழமான குழி வேலிகூட இல்லாமல் கிடக்கிறது. என் வரப்பு இரண்டு இடங்களில் சரிந்துவிட்டது. கிணற்று நீரும் இறங்கிவிட்டது. குவாரி நடத்தியவர், "குத்தகை முடிந்துவிட்டது, இனி எனக்குச் சம்பந்தமில்லை" என்கிறார். கட்டட இடிபாடுகளைக் கொட்டி இலவசமாக மூடித் தருவதாக வேறு சிலர் வருகிறார்கள். குழியை மூட வைக்க முடியுமா? பங்காளி மேல் வழக்குப் போட எனக்கு மனம் வரவில்லை.

பதில்: சகோதரி, குழியை விட்டுவிட்டு வரப்பிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் கையில் இருக்கும் பழைய உரிமை அங்கேதான் இருக்கிறது. இயற்கை நிலையில் உள்ள ஒருவரது நிலத்துக்குப் பக்கத்து நிலத்தின் மண் தரும் தாங்கல், அந்த நில உரிமையாளரின் உரிமை என்று 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், 7-ஆம் பிரிவின் விளக்க உதாரணத்தில் சொல்கிறது. தன் நிலத்தில் தோண்ட ஒருவருக்கு உரிமை உண்டு. உங்கள் வரப்பு சரியும்படி தோண்ட உரிமை இல்லை. குத்தகை உத்தரவு எதுவும் அந்த உரிமையை வாங்கித் தராது.

"குத்தகை முடிந்துவிட்டது" என்ற பேச்சு சட்டத்தின் முன் நிற்காது. கிராவல் ஒரு சிறுகனிமம். ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குத்தகைக்கும் சுற்றுச்சூழல் அனுமதி தேவை என்று 2012 பிப்ரவரி 27 அன்று தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த அனுமதியிலும் சுரங்கத் திட்டத்திலும் எவ்வளவு ஆழம் தோண்டலாம், முடிந்தபின் இடத்தை எப்படிச் சீராக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் இருக்கும். தோண்டி முடித்த இடத்தில் குத்தகைதாரர் தன் செலவிலேயே மீண்டும் புல் வளர்க்க வேண்டும் என்பதையும் நிபந்தனையாகச் சேர்க்கும்படி, 2020 ஜனவரி 8 அன்று காமன் காஸ் வழக்கில் அதே நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஆக, வேலை முடிந்த பிறகுதான் இந்தக் கடமையே தொடங்குகிறது.

"சாலைப் பணிக்கு எடுத்த மண், அனுமதி தேவையில்லை" என்று குவாரி நடத்தியவர் சொல்லக்கூடும். சாலை போன்ற திட்டங்களுக்குச் சாதாரண மண் எடுக்க அப்படி ஒரு விலக்கு 2020 மார்ச் 28 அன்று தரப்பட்டது உண்மை. 2024 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

இன்றே செய்ய வேண்டியது, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள புவியியல் மற்றும் சுரங்கத் துறைக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு. கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். குத்தகை உத்தரவு, சுரங்கத் திட்டம், சுற்றுச்சூழல் அனுமதி, அரையாண்டு அறிக்கைகள் எல்லாவற்றின் நகலையும் கேளுங்கள். மண் ஏற்றிப் போகும் ஒவ்வொரு நடைக்கும் தரும் அனுமதிச் சீட்டான நடைச்சீட்டு எத்தனை கொடுத்தார்கள் என்ற கணக்கை மறக்காமல் கேளுங்கள். ஒரு ஏக்கர் பரப்பில் ஒரு மீட்டர் கூடுதலாகத் தோண்டினால் ஏறத்தாழ 4,000 கன மீட்டர் மண் போயிருக்கும். மூன்று யூனிட் (ஒரு யூனிட் என்பது 100 கன அடி) வண்டிக்கு அது சுமார் 475 நடை. குழியை அளந்து நடைச்சீட்டுக் கணக்கோடு வைத்துப் பார்த்தால், அனுமதிக்கு மேல் எவ்வளவு போனது என்பது யார் வாக்குமூலமும் இல்லாமலேயே தெரிந்துவிடும். கூடுதல் மண்ணின் விலையை வசூலிக்க 1957-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் 21(5) வழி தருகிறது. அந்தப் பணம் அரசுக்குத்தான் போகும், உங்களுக்கு வராது. ஆனால் உங்கள் வழக்குக்கு அதைவிட வலுவான ஆதாரம் கிடைப்பது அரிது. மழை பெய்து குழி நிறைவதற்குள் அளவு எடுத்துவிடுங்கள்.

கிணறு விஷயத்தில் உங்களுக்கு வீண் நம்பிக்கை தர மாட்டேன். மழையில்லாத நாளிலும் குழியின் பக்கச் சுவரிலோ அடியிலோ நீர் கசிந்தால், நிலத்தடி நீர் மட்டம் வெட்டுப்பட்டிருக்கிறது என்று வாதிடலாம். தேதியோடு படம் எடுத்து வையுங்கள். அடி வரை வறண்டிருந்தால் அந்தக் கோரிக்கை பலவீனமானது. சுற்றியுள்ள மூன்று நான்கு கிணறுகளின் நீர் மட்டத்தையும் மாதந்தோறும் குறித்து வாருங்கள்.

தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. வழக்கறிஞர் இல்லாமலும் வழக்காடலாம். சுற்றுச்சூழல் தகராறைத் தீர்க்கக் கோரி, 2010-ஆம் ஆண்டின் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில் மனுச் செய்ய ஆறு மாதமே கெடு. தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கும். இழப்பீடும் நிலச் சீரமைப்பும் கோரும் 15-ஆம் பிரிவுக்கு ஐந்து ஆண்டு. இரண்டிலும் வழக்குக்கான காரணம் முதன்முதலில் எழுந்த நாளிலிருந்தே கணக்கு ஓடுகிறது. அலுவலகம் அலுவலகமாக மனுக் கொடுத்துக் காத்திருந்தே ஆறு மாதத்தைத் தொலைத்தவர்களைப் பார்த்து எனக்கு மனம் நொந்திருக்கிறது. மனுக் கொடுத்தால் கெடு நீளாது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்; கேட்டால் அந்தத் தொகையில் ஒரு சதவீதம்.

ஆடு மாடும் பிள்ளைகளும் நடமாடும் இடத்தில் முப்பதடிக் குழி வேலியில்லாமல் கிடப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. அதற்குத் தீர்ப்பாயம் வரை காத்திருக்க வேண்டாம். பொதுவழியை ஒட்டிய பள்ளத்துக்கு வேலியிடும்படி உத்தரவிட, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு கோட்டாட்சியருக்கு அதிகாரம் தருகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவுதான் இது. பாதை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் புல வரைபடத்தோடு காட்டி மனுக் கொடுங்கள்.

முழுவதும் மூட வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். இந்தக் குழியை நிரப்ப இன்னோர் ஊரில் இன்னொரு குழி தோண்ட வேண்டியிருக்கும். உங்கள் பக்கச் சரிவைப் படிப்படியாகத் தணித்து, வரப்பை மண் அணைத்துக் கட்டி, சுற்றிலும் வேலியும் மரமும் வைத்து, நடுவில் மழைநீர் தேங்க விடும்படி கேட்பதே நடைமுறைக்கு ஒத்தது. சுரங்க மூடல் திட்டத்திலும் பெரும்பாலும் அதுதான் எழுதியிருக்கும்.

பங்காளியை வழக்கில் சேர்க்காமல் இருக்க முடியாது; நிலம் அவருடையது, அங்கே வேலை நடக்க உத்தரவு அவரையும் கட்டுப்படுத்த வேண்டும். ஆனால் செலவையும் இழப்பீட்டையும் குத்தகைதாரரிடம் மட்டும் கோரலாம். வழக்கு அறிவிப்பு போவதற்கு முன்பே பங்காளி வீட்டுக்குப் போய் இதைச் சொல்லிவிடுங்கள். இடிபாடு கொட்ட வருகிறவர்களுக்கு அவரும் சம்மதிக்கக் கூடாது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். இடிபாட்டோடு ஆலைக் கழிவும் சேர்ந்து வந்தால் உங்கள் இரண்டு குடும்பங்களின் கிணறும் கெடும். கொட்ட இடம் கொடுத்தவர் என்று அவரும் பதில் சொல்ல வேண்டிவரும். அவர்கள் நீட்டும் எந்தத் தாளிலும் நீங்கள் கையெழுத்திட வேண்டாம்.