ஒரே ஆள் ஒரு முழுக் கதையையும் நடத்திக் காட்டி நீங்கள் அசந்துபோனது உண்டா?

உண்டு. நாகர்கோவில் பக்கத்தில் சின்ன வயதில் பார்த்த தோல்பாவைக்கூத்து, அதாவது விளக்கு வெளிச்சத்தில் தோல் பொம்மைகளைத் திரைக்குப் பின்னாலிருந்து ஆட்டிக் கதை சொல்லும் கூத்து.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். கோயில் கொடைத் திருவிழாவுக்கு ராமாயணம் வைத்திருந்தார்கள், பத்து நாள் கதை. முதல் இரண்டு நாள் ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து ஒழுங்காகப் பார்த்தேன். அப்புறம் ஒருநாள் நழுவித் திரைக்குப் பின்னால் போய்விட்டேன். உள்ளே ஒரு பெரிய கூட்டமே இருக்கும் என்று நினைத்தால், பாவை ஆட்ட ஒரே ஒருவர்! அவர் மனைவி ஆர்மோனியம், இன்னொருவர் மிருதங்கம், பாவைகளை எடுத்துக் கொடுக்க ஒரு பையன். ராமன், சீதை, ராவணன் எல்லாரும் அந்த ஒரே தொண்டையிலிருந்துதான் வந்தார்கள்.

இன்னொரு ஆச்சரியம், அவர் அந்தப் பையனிடம் பேசியது எனக்குப் புரியவில்லை. அது மராத்தி என்று பிற்பாடு தெரிந்தது. இந்தக் கலைக் குடும்பங்களுக்கு வீட்டு மொழி அது, கூத்து மட்டும் தமிழில்.

பாவை ஆட்டுத்தோலில் செய்வது. தோலைப் பதப்படுத்தி, வெட்டி, சாயம் ஏற்றி, நகை வரும் இடங்களில் பொடிப்பொடியாகத் துளை போடுவார்கள். பின்னாலிருக்கும் விளக்கு அந்தத் துளைகள் வழியே கசியும்போதுதான் கிரீடம் மின்னும். ஆனால் முகம் மாறாதே! வெட்டியது வெட்டியதுதான். சிரிப்பு, கோபம், அழுகை எல்லாவற்றையும் குரலும் விரலும்தான் கொண்டுவர வேண்டும். திரையோடு ஒட்டிப் பிடித்தால் உருவம் தெளிவாக நிற்கும், கொஞ்சம் விலக்கினால் பெரிதாகி மங்கும். இதிலேயே பாதி நடிப்பு முடிந்துவிடுகிறது.

சின்னப் பிள்ளைகள் காத்திருந்தது ராமனுக்காக அல்ல, உச்சிக்குடும்பனுக்கும் உளுவத்தலையனுக்கும்தான். வால்மீகியிலும் இல்லாத, கம்பனிலும் இல்லாத இரண்டு கோமாளிகள். யுத்தத்துக்கு நடுவே வந்து எங்கள் ஊர்க் குளத்தில் தண்ணீர் இல்லாததைப் பற்றிச் சண்டை போடுவார்கள். என்னைக் கேட்டால், பத்து நாளும் ஆட்களை உட்கார வைத்தது இவர்கள்தான். இதை ஆச்சியிடம் சொன்னபோது திட்டு விழுந்தது, அது வேறு விஷயம்.

அசோகவனத்துச் சீதை அழுத இரவும் நான் பின்னால்தான் இருந்தேன். திரையோரம் எட்டிப் பார்த்தால் ஆச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் அவர் சீதையாகத் தேம்பிக்கொண்டே, பையனைப் பார்த்து இடதுகையை ஆட்டினார். அனுமனை எடுக்கச் சொல்கிறார். பையன் தூங்கிவிட்டிருந்தான். அவன் விழிக்கும்வரை சீதை கூடக் கொஞ்சம் அழுதாள்.