செர்வுஸ்: வந்தாலும் அதுதான், கிளம்பினாலும் அதுதான்

கேள்வி: மியூனிக்கில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. காலையில் உள்ளே வருபவரும் ‘செர்வுஸ்’ என்கிறார், மாலையில் கிளம்புபவரும் ‘செர்வுஸ்’ என்கிறார். என்ன அர்த்தம்? வயதான வீட்டுக்கார அம்மாவிடம் நானும் சொல்லலாமா?

பதில்: நீங்கள் தப்பாகக் கேட்கவில்லை. மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்திலும் ஆஸ்திரியாவிலும் ‘வணக்கம்’, ‘வரட்டுமா’ இரண்டுக்கும் அந்த ஒரே சொல்தான்.

ஆனால் அது ஜெர்மன் சொல் இல்லை, லத்தீன். ‘செர்வுஸ்’ என்றால் அடிமை, பணியாள். ‘தங்கள் பணியாள்’ என்று குனிந்து சொன்ன வணக்கம் தேய்ந்து இந்த ஒற்றைச் சொல்லாக நின்றுவிட்டது. வைணவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததும் ‘அடியேன்’ என்பார்களே, கிட்டத்தட்ட அதேதான். இத்தாலிக்காரர்கள் வணக்கமாகச் சொல்லும் ‘சாவ்’கூட (நம் காதுக்கு அபசகுனம்!) வெனிஸ் பேச்சில் அடிமையைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததுதான். பழைய ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசு இருந்த பக்கமெல்லாம் செர்வுஸும் இருக்கிறது. ஹங்கேரியிலும், ருமேனியாவின் திரான்சில்வேனியாவிலும் இன்றும் கேட்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், பணிவில் பிறந்த இந்தச் சொல்லைப் பணிவு காட்ட வேண்டிய இடத்தில் இப்போது சொல்ல முடியாது. அடியேன் தேய்ந்து ‘என்னப்பா’ ஆகிவிட்டார். நீங்கள் ‘டூ’ (நீ) போட்டுப் பேசும் சகாக்களிடம் தாராளமாகச் சொல்லுங்கள். வீட்டுக்கார அம்மாவை ‘ஸீ’ (நீங்கள்) என்றுதானே அழைக்கிறீர்கள்? அப்படியானால் பார்த்ததும் ‘க்ரூஸ் காட்’, விடைபெறும்போது ‘ஆஃப் வீடர்ஸேயன்’. ஒருநாள் அவரே ‘செர்வுஸ்’ என்று ஆரம்பித்தால் சரி, நீங்களும் சொல்லலாம். ‘டூ’வுக்கு மாறுவோமா என்று முதலில் கேட்பதும் அங்கே பெரியவர்கள்தான்.

உச்சரிப்பில் நமக்கு ஒரு வசதி உண்டு. வட ஜெர்மானியர் சொல்லின் முதல் ‘ஸ’வை வண்டு ரீங்கரிப்பதுபோல் அதிரவிட்டுச் சொல்வார்கள். பவேரியர்களுக்கு நம்மைப் போலச் சாதாரண ‘ஸ’தான். நடுவிலிருக்கும் ‘ர்’ அவர்கள் வாயில் பாதி கரைந்து ‘செஅவஸ்’ போலக் கேட்கும்.

அப்புறம், பக்கத்து மேசைக்காரர் சாப்பாட்டு பில்லைப் பார்த்துவிட்டு ‘யா, செர்வுஸ்!’ என்றால் அது வணக்கம் இல்லை, ‘அடேங்கப்பா!’. எழுந்து பதில் வணக்கம் சொல்லிவிடாதீர்கள்.