அறிவியல் பட்டம், சட்டப் படிப்பு, கைக்குழந்தைகள்: மார்கரெட் தாட்சர் மூன்றையும் எப்படிச் சமாளித்தார்? அறிவியல் படித்த நானும் முயலலாமா?

கேள்வியின் தொனியைப் பார்த்தால், நீங்கள் வேதியியலோ உயிரியலோ படித்துவிட்டு, பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டவர் என்று தோன்றுகிறது. அப்படியே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பிரிட்டனின் முதல் பெண் பிரதமரான தாட்சரின் அரசியலை இங்கே நான் தொடவில்லை. அவர் ஆட்சியில் வேலைநிறுத்தம் செய்து தோற்ற சுரங்கத் தொழிலாளர்களை மறந்துவிட்டாயா என்று யாரும் பின்னூட்டத்தில் சண்டைக்கு வர வேண்டாம், மறக்கவில்லை. கேட்கப்பட்டது 1959இல் அவர் எம்.பி. ஆவதற்கு முந்தைய கதை.

"தனி ஆளாகச் சாதித்தார்" என்று பகிரப்படுவது பாதி உண்மைதான். உழைப்பு அவருடையது, பணம் கணவருடையது. இரண்டாவதைச் சொல்லாமல் விடுவதால், படிக்கும் பெண்கள் தங்களிடம்தான் குறை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

தாட்சர் இங்கிலாந்தின் கிரான்தம் (Grantham) ஊரில் மளிகைக் கடைக்காரர் மகள். 1943இல் ஆக்ஸ்ஃபோர்டின் சாமர்வில் கல்லூரியில் வேதியியல் சேர்ந்தார். ஆசிரியை டோரதி ஹாட்ஜ்கின், பின்னாளில் 1964இல் நோபல் பெற்றவர். கடைசி ஆண்டில் கிராமிசிடின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியின் அமைப்பை எக்ஸ் கதிர்ப் படிகவியல் மூலம் ஆராயும் வேலை. 1947இல் இரண்டாம் வகுப்பில் தேறினார். அதன்பின் ஒரு பிளாஸ்டிக் நிறுவனம், பிறகு ஜே. லயன்ஸ் உணவு நிறுவனத்தின் ஆய்வகம். 1951இல் மோனோஸ்டியரின் என்ற கொழுப்புப் பொருள் சோப்பாக மாறுவதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயரும் உண்டு. "மென்மையான ஐஸ்கிரீமைக் கண்டுபிடித்தவர்" என்று ஒரு கதை வாட்ஸப்பில் வருடக்கணக்காகச் சுற்றுகிறது. அந்த ஐஸ்கிரீம் 1930களிலேயே அமெரிக்காவில் விற்பனைக்கு வந்துவிட்டது. உண்மையில் செய்த வேலையை விட்டுவிட்டு, செய்யாததற்குப் புகழ்வது எந்தப் பெண் விஞ்ஞானிக்கும் மரியாதை இல்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியது அடுத்த மூன்று ஆண்டுகளைத்தான். நாடாளுமன்றத் தேர்தலில் டார்ட்ஃபோர்ட் தொகுதியில் 1950, 1951 என இருமுறை தோற்றார். 1951 டிசம்பரில் டெனிஸ் தாட்சரைத் திருமணம் செய்தார். டெனிஸுக்குக் குடும்பத் தொழிலாக ரசாயன நிறுவனம் இருந்தது. ஆய்வக வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் சட்டம் படிக்க முடிந்தது அதனால்தான். 1953 ஆகஸ்ட் 15 அன்று, நாள் குறித்ததற்குச் சுமார் ஆறு வாரம் முன்பே, அறுவை சிகிச்சையில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. வீட்டுக்குப் போனால் மனம் மாறிவிடுமோ என்று பயந்து, மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே டிசம்பர் இறுதித் தேர்வுக்குப் பெயர் கொடுத்தார். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளத் தாதி இருந்தார், பக்கத்து ஃபிளாட்டும் வாடகைக்கு எடுக்கப்பட்டது. நான்கு மாதத்தில் தேறினார். 1954இல் வழக்கறிஞராகப் பதிவாகி, வரிச் சட்டத்துக்குப் போனார்.

இங்கிலாந்து முறையும் அவருக்கு உதவியது. வழக்கறிஞர்களைச் சேர்த்துக்கொள்ளும் லண்டன் சங்கமான லிங்கன்ஸ் இன்னில் இத்தனை இரவு விருந்துகளில் கலந்துகொண்டதாகக் கணக்கு இருக்க வேண்டும், தேர்வில் தேற வேண்டும். தகுதி கிடைத்தது அவ்வளவில்தான்.

நமக்கு அந்த வழி இல்லை. மூன்றாண்டு எல்.எல்.பி.யை அஞ்சல் வழியில் படித்தால் வழக்கறிஞராகப் பதிய முடியாது. பார் கவுன்சிலின் 2008 விதிகள் ஒவ்வொரு பாடத்துக்கும் 70 சதவீத வருகைப்பதிவு கேட்கின்றன. அதை எப்படி நடைமுறைப்படுத்துகிறார்கள் என்று சேரும் முன்பே கல்லூரியில் நேரில் கேளுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் விடுப்பு எடுப்பது என்பதையும் வீட்டில் இப்போதே பேசி முடித்துவிடுங்கள். பலர் இடையில் நிற்பது பாடம் கடினம் என்பதால் இல்லை, இந்தப் பேச்சு நடக்காததால்தான். பட்டம் வாங்கிப் பதிவு செய்த பிறகு முழு நேரச் சம்பள வேலையில் இருந்துகொண்டு வழக்கறிஞராகத் தொழில் செய்யவும் முடியாது. இதைத் தெரியாமல் சேர்ந்து பின்னால் தவிப்பவர்கள் உண்டு.

சட்டப் பட்டமே இல்லாமல் சட்ட வேலைக்குள் நுழைய ஒரு கதவு இருக்கிறது: பேடண்ட் ஏஜெண்ட் (பிறருக்காகக் காப்புரிமை விண்ணப்பத்தைக் கையாளும் முகவர்) தேர்வு. 1970 காப்புரிமைச் சட்டத்தின் 126ஆம் பிரிவுப்படி இந்தியக் குடியுரிமை, 21 வயது, அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் இருந்தால் எழுதலாம். முதல் தாள் சட்டமும் விதிகளும். இரண்டாம் தாள் காப்புரிமை ஆவணம் எழுதுதல். இரண்டிலும் நூற்றுக்குத் தலா 50 வேண்டும், நேர்முகத்தையும் சேர்த்து மொத்தத்தில் 60 சதவீதம். தேர்வு ஆண்டுதோறும் நடப்பதில்லை, அதனால் அறிவிப்பு வந்த பிறகு படிக்கத் தொடங்கினால் பிந்திவிடும். தேறிப் பதிவு செய்தால் கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பதாரர் சார்பில் வாதிடலாம், உயர் நீதிமன்றத்தில் முடியாது.

தோல்வி பெரும்பாலும் இரண்டாம் தாளில்தான். சட்டத்தை மனப்பாடம் செய்தவர்கள் க்ளைம், அதாவது கண்டுபிடிப்பில் எதற்கு உரிமை கோருகிறோம் என்று வரையறுக்கும் வாசகம், எழுதத் தடுமாறுகிறார்கள். முதல் க்ளைமிலேயே வெப்பநிலை, அளவு, கரைப்பான் எல்லாவற்றையும் திணித்தால் பாதுகாப்பு குறுகிவிடும், ஒரு கரைப்பானை மாற்றிப் போட்டியாளர் தப்பிவிடுவார். முதல் க்ளைமில் கண்டுபிடிப்புக்கு இன்றியமையாதது மட்டும் இருக்கட்டும், மற்றவற்றை அதைச் சார்ந்து பின்னால் வரும் சார்பு க்ளைம்களில் இறக்குங்கள். ஆவணத்தோடு தரும் சுருக்கம் பொதுவாக 150 சொல்லைத் தாண்டக் கூடாது. வேதியியல்காரர் என்றால் காப்புரிமைச் சட்டத்தின் 3(d) பிரிவைக் கரைத்துக் குடிக்க வேண்டும்: தெரிந்த பொருளின் புது வடிவம் என்றால் செயல்திறன் கூடியதைக் காட்டியாக வேண்டும்.

காப்புரிமை அலுவலக இணையதளத்தில் பழைய விண்ணப்பங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் துறையில் ஒன்றை எடுத்து, க்ளைம் பகுதியைப் பார்க்காமல் விளக்கத்தை மட்டும் படித்து, க்ளைமை நீங்களே எழுதுங்கள். பிறகு அசலோடு ஒப்பிடுங்கள். பிள்ளை தூங்கும் ஒன்றரை மணி நேரத்தில் ஒன்று முடியும்.