சுப்புலட்சுமி என்று ஒரு பெயர்

அன்புள்ள அம்மா,

எங்களுக்குப் பெண் பிறந்து இருபது நாள் ஆகிறது. மறைந்த என் அம்மாச்சியின் பெயரான சுப்புலட்சுமியை வைக்க ஆசை. வீட்டில் எல்லாரும் “பாட்டி பேரா இருக்கே, பள்ளிக்கூடத்தில் கேலி பண்ணுவாங்களே” என்கிறார்கள். எம்.எஸ்.ஸை விட்டால் இந்தப் பெயரில் வேறு யார் இருக்கிறார்கள் என்றும் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்ல?

– ஒரு வாசகர், கோவில்பட்டி

அன்புள்ள தம்பி,

குழந்தைக்கு என் ஆசிகள். எம்.எஸ். பிறப்பதற்கு முப்பது ஆண்டு முன்பே, 1886இல், மயிலாப்பூரில் ஆர்.எஸ். சுப்பலட்சுமி பிறந்துவிட்டார். (சுப்பலட்சுமி, சுப்புலட்சுமி இரண்டும் ஒரே பெயர்தான்.) சிறுமியாகவே கல்யாணம் ஆகி, சிறுமியாகவே கணவரை இழந்தவர். அப்பா அவரை மூலையில் உட்காரவைக்கவில்லை, படிக்கவைத்தார். 1911இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார்.

அப்புறம் தன்னைப் போன்ற பெண்களைத் தேடிப் போனார். எழும்பூர் வீட்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய பெண்களோடு தொடங்கிய விடுதி வளர்ந்து, கடற்கரையோரம் ஐஸ் ஹவுஸுக்குக் குடிபோனது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைத்திருந்த கட்டடம் அது. விதவை எதிரே வந்தால் போகிற காரியம் விளங்காது என்று ஊர் நம்பிய காலம். அப்படி ஒதுக்கப்பட்ட சின்னப் பெண்கள் அங்கே தங்கிப் படித்து, ஆசிரியைகளாக வெளியே வந்தார்கள். சென்னைக்கு அவர் ‘சிஸ்டர் சுப்பலட்சுமி’. இன்று அந்தக் கட்டடம் விவேகானந்தர் இல்லம். மெரினா பக்கம் போகும்போதெல்லாம் அதன் முன்னால் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் நகர்வேன்.

சினிமாவிலும் ஒருவர் உண்டு. 1934இல் ‘பவளக்கொடி’யில் தியாகராஜ பாகவதருக்கு ஜோடி எஸ்.டி. சுப்புலட்சுமி. அதை இயக்கிய கே. சுப்பிரமணியம்தான் 1938இல் ‘சேவாசதன’த்தில் எம்.எஸ்.ஸை நடிக்கவைத்தார். இனிஷியலை வைத்துத்தான் யார் எந்தச் சுப்புலட்சுமி என்று சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவு புழங்கிய பெயர்!

எம்.எஸ்.ஸின் இனிஷியலையும் கொஞ்சம் பாருங்கள். ‘எம்’ மதுரை. ‘எஸ்’ சண்முகவடிவு, வீணை வாசித்த அவருடைய அம்மா. அப்பா பெயர் அதில் இல்லை. இனிஷியல் போடும்போது உங்கள் மனைவியின் பெயரையும் யோசியுங்கள் தம்பி.

பிறப்புச் சான்றிதழில் முழுப் பெயரையும் எழுதுங்கள். கூப்பிட நீளம் என்றால் சுப்பு போதும். எம்.எஸ்.ஸே வீட்டில் குஞ்சம்மாதான். உங்கள் அம்மாச்சியை அவர் அம்மா எப்படிக் கூப்பிட்டார் என்று ஊரில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். தெரிந்தால் எனக்கும் எழுதுங்கள்.