மாருதி 800: சிக்னலில் மட்டும் சூடேறினால்

நண்பரே, உங்கள் மாருதி 800-இல் ஹைவேயில் டெம்பரேச்சர் முள் நடுவில் நிற்கிறது, சிக்னலில் நின்றால் மட்டும் ஏறுகிறது என்கிறீர்கள். ரேடியேட்டரை மாற்றச் சொன்ன மெக்கானிக்கிடம் இப்போதைக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். நிற்கும்போது ஃபேன்தான் கதி. அதனால் முதல் சந்தேகம் ஃபேன் மேல்தான்.

இன்ஜின் நன்றாக ஆறியதும் ஃபேன் மோட்டாரின் சாக்கெட்டைக் கழற்றி, ஃபியூஸ் வைத்த வயரால் பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். கை இறக்கைக்குப் பக்கத்தில் போகவே கூடாது. சுற்றாவிட்டால் மோட்டார் போய்விட்டது. வேகமாகச் சுற்றினால் ஃபியூஸ், ரிலே (ஃபேனுக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் பாகம்), தெர்மோ சுவிட்ச் (சூடு ஏறியதும் ஃபேனை ஓடவிடும் சுவிட்ச்) என்று வரிசையாகப் பாருங்கள். பழைய வண்டியில் சுவிட்ச் முனை பச்சையாகப் பூத்திருக்கும். உப்புத்தாளால் தேய்த்தாலே சில சமயம் சரியாகிவிடும்.

தெர்மோ சுவிட்சை மாற்றினால் கூலன்ட் (இன்ஜினைக் குளிர வைக்கும் திரவம்) கொஞ்சம் வடியும். கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், உள்ளே உப்புப் படியும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிடாதீர்கள், கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

அப்புறம், தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடேறும் வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) கழற்றி எறியச் சொல்வார்கள். கேட்காதீர்கள். இன்ஜின் சூடேறவே நேரமாகி, பெட்ரோல்தான் கூடுதலாகக் குடிக்கும்.