போட்டி கடுமையாக இருந்தும் பாக்டீரியாக்களில் இத்தனை இனங்கள் எப்படி நிலைக்கின்றன?

ஒரே உணவை நம்பி வாழும் இரு இனங்களில் வலுவானது மற்றதை ஒழித்துவிடும் என்ற கருத்தை, ருஷ்ய உயிரியலாளர் காவ்ஸ் 1934-இல் தம் சோதனைகளைக் கொண்டு முன்வைத்தார். அப்படியானால் ஒரு சிட்டிகை மண்ணில் எண்ணற்ற பாக்டீரிய இனங்கள் சேர்ந்து வாழ்வது எப்படி என்பது உங்கள் கேள்வி. போட்டி எப்போதும் ஒரே வெற்றியாளரில் முடிவதில்லை என்பதே இதற்கான முதன்மை விடை.

இதற்கு மிகத் தெளிவான சான்றாக நான் கருதுவது, ஈ. கோலை என்னும் குடல் பாக்டீரியாவைப் பற்றி 2002-இல் வெளியான ஆய்வு. அதில் மூன்று வகைகள் இருந்தன: கொலிசின் என்னும் நச்சைச் சுரப்பது, அந்நச்சால் மடிவது, அதைத் தாங்குவது. சுரக்கும் வகை மடியும் வகையைக் கொல்கிறது. நச்சு தயாரிக்கும் செலவு இல்லாததால் தாங்கும் வகை சுரப்பதை விட விரைவாகப் பெருகுகிறது. தாங்கும் திறனுக்கும் ஒரு விலை உண்டு என்பதால், நச்சு இல்லாத இடத்தில் மடியும் வகை அதையும் முந்திவிடுகிறது. அகார் என்னும் கூழ் பரப்பிய தட்டில் அக்கம்பக்கத்துச் செல்களோடு மட்டுமே மோதியபோது மூன்றும் நிலைத்தன. குடுவையில் இட்டுக் குலுக்கியபோதோ தாங்கும் வகை மட்டுமே எஞ்சியது. போட்டி எவ்வளவு கடுமையானது என்பதைவிட, அது எங்கே நடக்கிறது என்பதே இங்கு முடிவைத் தீர்மானித்தது.

இதனுடன் கழிவுப் பரிமாற்றத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: குளுக்கோஸை உண்ணும் செல்கள் வெளியேற்றும் அசிட்டேட் என்னும் கழிவே வேறு செல்களுக்கு உணவாகிறது. ஆகவே ஒரே ஒரு சர்க்கரையை மட்டும் அளித்து வளர்த்தாலும், பல வகைகள் சேர்ந்து வாழ வழி உண்டாகிறது.